மூன்று கால் இருந்தால் சாமாவா?

சாமா என்பது மலாய்ச் சொல். ஒரே மாதிரி என்று அர்த்தம். இந்த நாட்டில் பிறந்த தமிழர் வாயில் அது தமிழாகவே ஆகிவிட்டது. பாசாரில், அதாவது சந்தையில், நேற்றைய விலைதானா என்று கேட்டால் சாமா என்பார்கள். பக்கத்தில் இருப்பவர் தே தாரேக் டீ கேட்டால் நமக்கும் சாமா என்று விரலைக் காட்டுவோம். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கும் இருந்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி அந்த ஒரு சொல்லை வைத்து என் மகளின் பெயரைக் கெடுக்கும் வரைக்கும்.

அவரை மரியாதையாகவே எழுதுகிறேன், அவர் இவர் என்று. எனக்குக் கோபம் வந்தாலும் நாக்கில் மரியாதை போகாது. ஆனால் கோபம் இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவதும் அப்படித்தான், மெதுவாக. இங்கிலீஷில் பெரிய எழுத்துகள் தெரியும். சின்ன எழுத்துகள் குழப்பும். கல்யாணம் ஆகிக் கோலாலம்பூருக்கு வந்து, மாடி மாடியாக ஆபீஸ் கூட்டித் துடைத்து, ஒரு பெண்ணைப் படிக்க வைத்தேன். அவள் பொலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வெகுகாலம் வேலை செய்தாள். நாற்பதைத் தொடும் வயதில் அதை விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கடைகளுக்கு ரோபோ செய்கிறேன் என்று உட்கார்ந்தாள்.

பேரங்காடிகளில் பூனை முகம் போட்ட ரோபோ தட்டுத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளிநாட்டிலிருந்து வருவது. நம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அது கட்டுப்படி ஆகாது. என் மகள் செய்வதற்கு முகம் கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு வண்டி, மேலே இரண்டு தட்டு, கீழே இரண்டு மோட்டார். தரையில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் மேசைகளுக்கும் சுற்றி வரும். சாம்பார் வாளி, ரச வாளி, எடுத்த இலை, எல்லாம் சுமக்கும். அந்தப் பிரிக்பீல்ட்ஸ் கடைதான் அவளுடைய முதல் கடை. இரண்டாவதாகக் கிள்ளானில் ஒரு அம்மா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவர், முதல் கடையில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு எனக்கும் செய்யச் சொல்கிறேன் என்றார். அதனால் முதல் கடையில் பெயர் நின்றால்தான் மகளுக்கு இரண்டாவது கடை. இது எனக்கும் புரிந்தது, அந்த முதலாளிக்கும் தெரியும்.

வண்டி செய்த காலத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடம் இருக்காது. ஒரு நாள் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு, "அம்மா, டிரான்சிஸ்டர் வாங்கப் போறேன், ஏதாச்சும் வேணுமா?" என்றாள்.

"இன்னொன்னு எதுக்கு? இருக்கிற ரேடியோவே கரகரன்னுதான் பாடுது" என்றேன்.

வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எங்கள் காலத்தில் டிரான்சிஸ்டர் என்றால் கைப்பிடி போட்ட ரேடியோதான். அவள் வாங்கி வந்தது விரல் நுனி அளவு கறுப்புக் கட்டி. முதுகில் ஓர் இரும்புத் தகடு, தகட்டில் ஓர் ஓட்டை, கீழே மூன்று கால்.

"இது மாஸ்ஃபெட்டுன்னு ஒரு வக டிரான்சிஸ்டரும்மா. மோட்டாருக்குப் போற கரண்ட இதுதான் தொறந்து மூடும். இந்தக் காலு பேரு கேட். நடுவுல இருக்கிறது டிரெயின். இது சோர்ஸ்."

"டிரெயின்னா லோங்காங்கு, சாக்கடைதானே?"

"ஆமாம்மா, லோங்காங்குதான்."

"வாசல்ல கேட்டு இருக்கு, பின்னால லோங்காங் இருக்கு. வீட்ட எங்கடி காணோம்?"

"வீடுதான் மோட்டாரு. போய் டீ போடுங்கம்மா."

நான் போடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவசரம் கிடையாது.

அவள் எடுத்தவுடன் ஒன்றைப் பொருத்திவிடவில்லை. அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று விதம் வாங்கி வந்து மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். வண்டியில் சுமை வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். அரிசி மூட்டை வைத்தாள், போதவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான் உக்காரணுமா?"

"மெதுவாத்தாம்மா போகும்."

"விழுந்தா?"

"விழ மாட்டீங்க."

எங்கள் அடுக்குமாடியின் நடையில், எதிர்வீட்டுச் சீனத்தி கதவைத் திறந்து பார்க்க, நான் அந்த வண்டியின் மேல்தட்டில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த வயதில் ரோபோ மேல் ஊர்வலம் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சீனத்தி, "ஆன்டி, மானா பிகி?" என்று கேட்டாள், எங்கே கிளம்பிவிட்டாய் என்று. "பத்துமலை கோயிலுக்கு" என்றேன்.

முதலில் போட்டது பழைய வகை. வண்டி போய்த் திரும்பியதும் தகட்டைத் தொட்டுப் பாருங்கள் என்றாள். தொட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. மோட்டாருக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கை அதுவே தின்று சூடாகிறதாம். எடுத்துப் போட்டுவிட்டாள். இரண்டாவது, மாஸ்ஃபெட். வெறும் வண்டிக்கு நன்றாக ஓடியது. நான் உட்கார்ந்து, அவள் ஒரு சக்கரத்தைக் கட்டையால் தடுத்துப் பிடித்ததும் அதுவும் சூடானது. மூன்றாவது, அதுவும் மாஸ்ஃபெட். சக்கரத்தைத் தடுத்தாலும் இளஞ்சூடுதான்.

"எதுக்குடி ஓடுற சக்கரத்தப் புடிச்சு நிறுத்துறே?"

"சும்மா ஓடும்போது கம்மியாத்தாம்மா கரண்டு இழுக்கும். எங்கயாச்சும் மாட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அப்பதான் பேயா இழுக்கும். அதுக்குத் தாங்குற மாதிரி எடுக்கணும்."

இரண்டு மாஸ்ஃபெட்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி. அதே கறுப்பு, அதே ஓட்டை, அதே மூன்று கால். மேலே எழுதியிருந்த எண்ணும் அதேதான். எழுத்தில்தான் ஒரு வித்தியாசம். ஒன்றில் எஃப், ஒன்றில் எல்.

"ஒரு எழுத்துல என்ன ஆயிரும்?" என்று நானும்தான் கேட்டேன். ஆனால் நான் கேட்டேன். தெரிந்தவளிடம் கேட்டேன்.

அவள் இப்படிச் சொன்னாள். தைப்பூசத்தன்று பத்துமலை வாசல் கேட்டைப் பாதி மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகும்? உள்ளே போகிற கூட்டம் நெருக்கியடித்து, வேர்த்து விறுவிறுத்து, கேட்டே பிய்ந்துவிடும். முழுக்கத் திறந்தால் கூட்டம் சிரமம் இல்லாமல் போகும். வண்டியின் மூளையாக இருக்கிற பலகை கேட் காலுக்குக் கொடுப்பது ஐந்து வோல்ட்தான். எல் எழுத்து உள்ளது அந்த ஐந்துக்கே முழுக்கத் திறக்கும். எஃப் எழுத்து உள்ளதற்குப் பத்து வேண்டும். ஐந்து கொடுத்தால் பாதிதான் திறக்கும். கொஞ்சம் கூட்டத்துக்குப் பாதி கேட் போதும். கூட்டம் கூடினால் எரிந்துவிடும்.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எனக்கே புரிந்தது.

எல் போட்ட வண்டி அந்தக் கடையில் மாதக்கணக்கில் ஓடியது. கிளம்பும்போது குலுக்காது, நிற்கும்போது தளும்பாது. முதலாளி வருகிற போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "நம்ம தமிழாளு செஞ்சது பாஸ்" என்று செல்போனில் படம் எடுக்கவும் விட்டார். அப்போதெல்லாம் அவர் வாயில் பொம்பளை என்ற சொல் வரவில்லை, கவனியுங்கள்.

பிறகு ஒரு நாள் இரவு கடை கழுவும்போது, தரைக்கு அடிக்கிற ஹோஸை வண்டிக்கும் அடித்துவிட்டார்கள். செய்யாதீர்கள் என்று வண்டி மேலேயே தமிழிலும் மலாயிலும் மகள் எழுதி ஒட்டியிருந்தாள். காலையில் ஒரு சக்கரம் சுற்றவில்லை. முதலாளி கூப்பிட்டார். மகள் அன்று கிள்ளானில், அந்த அம்மாவின் கடைத் தரையை அளந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில வந்து மாத்தித் தரேன் பாஸ். அதுவரைக்கும் யாரும் தொறக்க வேணாம்" என்றாள்.

ஒரு நாள். வண்டி வராத காலத்தில் இத்தனை வருஷம் கையால்தானே சாம்பார் ஊற்றினார்கள்? ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. பூச்சோங்கில் காருக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற ஒருவரை அழைத்து வந்து வண்டியைப் பிரித்திருக்கிறார். அவர் எரிந்துபோனதைக் கழற்றி, கடையில் கிடைத்த ஒன்றை மாட்டியிருக்கிறார். வண்டி ஓடியது. ஏன் ஓடாது? காலியாக ஓட்டிப் பார்த்தால் ஓடத்தான் செய்யும்.

மறுநாள் மகளைக் கூப்பிட்டு, "வர வேணாம், ரெடி பண்ணியாச்சு, ஈசி லா" என்று பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை மதியம், கடை நிறைந்த நேரம். மேலே சாம்பார், கீழே ரசம், போதாததற்கு மோர் வாளியும். ஒரு நாற்காலிக் காலில் சக்கரம் முட்டி நின்றது. அதுதான் பேயாகக் கரண்ட் இழுக்கும் நேரம். உள்ளே இருந்த அந்தச் சாமான் வெந்துபோனது. இந்த மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் மூடிக்கொண்டு சாகாதாம், திறந்தபடி சாகுமாம். மூளைப் பலகை நில் என்றாலும் அந்தச் சக்கரத்துக்குக் காது கேட்காது. ஒரு பக்கச் சக்கரம் முழு வேகத்தில் சுற்ற, வண்டி டேப்பை விட்டுத் திரும்பிப் போய்க் கை கழுவும் தொட்டியில் மோதியது. ரசம் ஒருவருடைய வெள்ளைச் சட்டையில். நல்லவேளை, ஆறிய ரசம். வேலையாள் ஒருவர் ஓடிப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். அந்தச் சிவப்புப் பொத்தானையும் என் மகள்தான் வைத்தாள். அதை யாரும் சொல்லவில்லை.

முதலாளி என்ன செய்தார்? சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். கிள்ளான் அம்மா அதை அப்படியே என் மகளுக்கு அனுப்பி வைத்தார். மகள் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"பிரண்ட்ஸ், அந்த ரோபோ வண்டி ரோசாக் ஆயிருச்சு லா, கெட்டுப்போச்சு. கஸ்டமர் மேல ரசத்தக் கொட்டிருச்சு. வெயிட்டே தாங்கல. பொம்பள செஞ்ச சாமான், என்னத்த சொல்ல. யாரும் வாங்கி மாட்டிக்காதீங்க."

பதிவுக்குக் கீழே கிள்ளான் அம்மா எழுதியிருந்தார். இப்போதைக்கு வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்று.

மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடைக்குப் போய் வண்டியைத் திறந்து, வெந்துபோனதை எடுத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறாள். எஃப். முதலாளியிடம் காட்டியிருக்கிறாள். அவர் அதை வாங்கி, அவள் கொண்டுபோன எல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு காலு, கறுப்பு ஒடம்பு, ஒரே நம்பரு. ஒரு எழுத்துதானே? சாமா லா. சும்மா சாக்கு சொல்லாதம்மா" என்றாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு இரண்டையும் மேசையில் போட்டாள். "விடுங்கம்மா" என்று குளிக்கப் போய்விட்டாள். தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

ஒரு எழுத்துதானே. இதை அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான் பிறந்தபோது தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி என் பிறப்புப் பத்திரத்துக்கு அப்பா பெயரை எழுதினார். அப்பா பெயரின் நடுவில் ஒரு 'வ' வரும். கிராணி அதற்கு டபிள்யூ போட்டார். பிறகு ஐசி, அதாவது அடையாள அட்டை, எடுத்தபோது வேறு யாரோ வி போட்டார்கள். அப்பா ஒரே அப்பாதான். ஆனால் என் கல்யாணப் பதிவுக்கு, மகளைப் பள்ளியில் சேர்க்க, பாஸ்போர்ட் எடுக்க, எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் இந்த இரண்டு எழுத்தும் எனக்கு முன்னால் போய் நிற்கும். சத்தியப் பிரமாணம் எடுத்து வா, தெரிந்தவரைக் கூட்டி வா, நாளை வா, அந்தக் கவுண்டருக்குப் போ. வேலைக்கு லீவு போட்டுவிட்டு இடுப்பில் பிள்ளையோடு நின்றிருக்கிறேன். வி என்றாலும் டபிள்யூ என்றாலும் வாயில் ஒன்றாகத்தான் வருகிறது, அப்போது ஒருத்தராவது சாமா லா என்று சொல்லி முத்திரை குத்தினார்களா? என் அப்பாவுக்கு ஒரு எழுத்து மாறினால் நான் அவர் பிள்ளையா என்றே கேட்பார்கள். இவர் மாட்டியதில் ஒரு எழுத்து மாறினால் அது சாமா.

மறுநாள் மகள் வெளியே கிளம்பிய பிறகு, அந்த இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு, ஐசியையும் பிறப்புப் பத்திரத்தையும் பையில் வைத்துக்கொண்டு நடந்தே போனேன். மதியக் கூட்டம் தொடங்கும் நேரம். முதலாளி கல்லாவில் இருந்தார். வண்டி மூலையில் அரிசிச் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது. 

"வாங்க ஆன்டி. சாப்புடுறீங்களா, தாப்பாவ் கட்டவா?"

"ரெண்டும் இல்ல தம்பி. எனக்குப் படிப்பு பத்தாது. இதுல என்ன எழுத்து இருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

டப்பாவைத் திறந்து நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"இது எல்லு. இது எஃப்பு." பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஓ. இதுக்கா? மக அனுப்புனாளா ஆன்டி?"

"நான் யாரும் அனுப்பி வர்ற ஆள் இல்ல. நீங்களே எல்லு வேற எஃப்பு வேறன்னு படிச்சீங்க. அப்புறம் எப்படி சாமா?"

"அலாமாக், ஆன்டி, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. மூணு காலு இருக்கா, நம்பர் ஒன்னா, அவ்ளோதான். பூச்சோங் ஆளு வருஷக்கணக்கா காருக்கு ஸ்பீக்கர் மாட்டுறான்."

"மாட்டட்டும். நல்லா சத்தமா மாட்டட்டும். எம் மக வண்டியில ஏன் கைய வெச்சாரு?"

முன்மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் இலையைப் பார்த்துச் சிரித்தார். முதலாளிக்கு முகம் சுருங்கியது.

"வெயிட்டு தாங்கல ஆன்டி. நான் கண்ணால பாத்தேன்."

"நான் உக்காந்தே பாத்தேன்."

"என்ன?"

"அந்த வண்டி மேல நான் உக்காந்து போனேன். சக்கரத்தப் புடிச்சு நிறுத்திக்கூடப் பாத்தா. என்னையே தாங்குச்சு. உங்க ரச வாளி என்னவிட கனமா?"

இப்போது இரண்டு மூன்று மேசை சிரித்தது. அவர் குரலைத் தாழ்த்தி, "சரி சரி, கடையில காச்சாவ் பண்ணாதீங்க" என்றார், நான் என்னவோ கலாட்டா செய்ய வந்தவள் போல. நான் என் ஐசியையும் பத்திரத்தையும் எடுத்துக் கல்லா மேல் வைத்தேன்.

"இதையும் படிங்க. எங்கப்பா பேரு. ஒன்னுல வி, ஒன்னுல டபிள்யூ."

அவர் பார்த்தார். இரண்டையும் அருகருகே வைத்தார். பிறகு, "எங்கம்மாவுக்கும் இந்தக் கததான் ஆன்டி. சாகுற வரைக்கும் அலைஞ்சாங்க" என்றார்.

நான் நினைத்தது, அவருக்குத் தெரியாது, தெரியாமல் சொல்லிவிட்டார் என்று. அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு எழுத்து என்ன செய்யும் என்று பெற்றவள் அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவர். அதைக் கேட்டதும் என் கோபம் இறங்கும் என்று அவர் நினைத்திருப்பார். ஏறியது.

"அப்பத் தெரிஞ்சே சொல்லிருக்கீங்க" என்றேன்.

அவர், "உக்காருங்க, சாப்பாடு போடச் சொல்றேன், மீன் வறுவல் இருக்கு" என்றார்.

"சாப்பாடு வேணாம். எந்த வாயால அந்தக் குழுவுல பேசினீங்களோ, அதே வாயால அதே குழுவுல இது சாமா இல்லன்னு சொல்லுங்க. நான் போறேன்."

"பாக்கலாம் ஆன்டி. கூட்டம் முடியட்டும்."

"முடியட்டும். எனக்கு வேற வேலை இல்ல."

கல்லாவுக்கு நேர் எதிரில் இருந்த மேசையில் உட்கார்ந்தேன். கூட்டம் வந்தது. என் முன்னால் இலை போட வந்தவரைக் கையைக் காட்டி நிறுத்தினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள், "ஆன்டி சாப்புடலையா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம், "முதலாளி ஒரு வார்த்த சொல்லணும், அதுக்குக் காத்திருக்கேன்" என்று பதில் சொன்னேன். சத்தம் போடவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பெஞ்சில் எத்தனையோ கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்து பழகியவள் நான். என்னைக் காக்க வைத்துத் தோற்கடிக்கலாம் என்று நினைத்தவர் அதற்குச் சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை.

கடைசியில் அவர் செல்போனை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தார். பொத்தானை அமுக்கிப் பேசினார். "பிரண்ட்ஸ், அந்த ரோபோ விஷயத்துல ஒரு சின்ன மிஸ்டேக்கு..."

"யாரு மிஸ்டேக்கு?" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பேசினார். "டிரான்சிஸ்டர் நாங்க மாத்திப் போட்டுட்டோம். அது சாமா இல்ல. செஞ்சவங்க மேல தப்பு இல்ல."

"பொம்பளன்னு சொன்னீங்களே. அது அங்கேயே கெடக்குது."

"ஆன்டி, போதும் லா."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் கூரையைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். "பொம்பளதான் செஞ்சாங்க. நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஓகே?" அந்த ஓகே எனக்கு. குழுவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மகிழ்ச்சிப்படுவாள் என்று பார்த்தால், "யாரும்மா உங்களப் போகச் சொன்னா? என் வேலைக்கு எங்கம்மா வந்து சண்ட போட்டாங்கன்னு பேசுவாங்க. நாளைக்கு எவன் என்னை நம்பி வேலை குடுப்பான்?" என்று பொரிந்தாள்.

"நீ விடுங்கம்மான்னு சொன்னே. என்னால விட முடியல. அவ்ளோதான்" என்றேன். அன்று இரண்டு பேரும் வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டோம்.

அந்த வாரக் கடைசியில் கிள்ளான் அம்மா கூப்பிட்டார். எல்லாப் பதிவையும் கேட்டேன், எனக்குச் செய்து கொடு என்றார். ஆனால் ஒரு கேள்வியும் கேட்டார். "எங்க கடையிலயும் நீ இல்லாத நேரம் எவனாச்சும் மாத்தி மாட்டிட்டா என்னம்மா பண்றது?"

மகள் அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு மூளைப் பலகைக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சாமானைச் சேர்த்தாள். அது ஐந்து வோல்ட்டை வாங்கிக்கொண்டு கேட் காலுக்குப் பன்னிரண்டு கொடுக்குமாம். இனி எல் மாட்டினாலும் எஃப் மாட்டினாலும் கேட் முழுக்கத் திறந்துவிடுமாம்.

எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க பண்ற தப்புக்கு நீ ஏன் எடம் செஞ்சு குடுக்கிறே? அப்ப அந்த ஆளு சொன்ன மாதிரி ரெண்டும் சாமான்னு ஆயிராதா?"

"ஆளுங்க மாத்திப் போடத்தாம்மா செய்வாங்க. சக்கரம் மாட்டிக்கும்னு யோசிச்சு எடுக்கிறோம்ல? இதையும் யோசிச்சுத்தான் எடுக்கணும்."

"அது இரும்பு, தெரியாமப் போய் மாட்டிக்குது. இவரு மனுசன், தெரிஞ்சே பண்ணாரு."

"உங்ககிட்ட பேச முடியாது. வந்து உக்காருங்க."

நடையில் புதிய வண்டி நின்றது. எதிர்வீட்டுச் சீனத்தி இந்தத் தடவை நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேண்டுமென்றே எஃப் மாட்டி, என்னை மேலே ஏற்றி, சக்கரத்தைக் கட்டையால் தடுத்துப் பிடித்தாள் மகள். இறங்கித் தகட்டைத் தொட்டேன். இளஞ்சூடுதான். அவள் என்னைப் பார்த்தாள், ஒத்துக்கொள்கிறீர்களா என்று. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

கிள்ளானுக்கு வண்டி ஏற்ற லோரி வந்த காலையில், மூடியைத் திருகுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். இரண்டு சக்கரத்துக்கு இரண்டு. இரண்டும் எல். பெரிய எழுத்துதான், எனக்குப் படிக்கத் தெரியும்.

"எது போட்டாலும் ஓடும்னு சொன்னியேடி?" என்றேன்.

"ஓடும். ஆனா நான் போடுறது இதுதான்" என்று சொல்லிவிட்டு மூடியைத் திருகினாள்.